வறட்டு ஒயின்

அப்பா கோப்பையை மூக்கருகே கொண்டுபோய் இரண்டு முறை முகர்ந்தார். வாயில் வைக்கவில்லை. அப்படியே சாய்த்து நிலவறையின் மண்தரையில் ஊற்றினார். பிறகு கோப்பையைப் பீப்பாயின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, எதிரே நின்ற என் கணவன் லெவென்தெயைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இதுல என்னத்தக் கலந்திருக்கான்?"

லெவென்தெயின் கையில் பீப்பாயிலிருந்து ஒயின் எடுக்கும் கண்ணாடிக் குழல் இருந்தது. அதன் நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்ததைக்கூட அவன் கவனிக்கவில்லை. ஆறு மாதம் அந்தப் பீப்பாயைச் சுற்றிச் சுற்றி வந்து, இன்றைக்குத்தான் திறந்து காட்டலாம் என்று முடிவு செய்து, சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு வந்திருந்தான்.

"திராட்சையைத்தான் மாமா கலந்திருக்கேன்" என்று சிரித்தான்.

"நான் சிரிக்கச் சொல்லல" என்று அப்பா படியேறிப் போய்விட்டார்.

எங்கள் கிஷ்வர்யாஷ், டோகாய் மலைகளின் அடிவாரத்தில் முந்நூறு வீடுகள் கொண்ட ஊர். அக்டோபரில் ஆற்றிலிருந்து மூடுபனி ஏறி வந்து தோட்டங்களில் உட்காரும். அந்த ஈரத்தில் திராட்சை பூஞ்சை பிடித்து, சுருங்கி, எலிப்புழுக்கை மாதிரி ஆகும். பார்க்கச் சகிக்காத அந்தப் பழங்களை ஒவ்வொன்றாகக் கிள்ளியெடுத்து ஊறவைத்துத்தான் ஆஸூ என்கிற இனிப்பு ஒயினைச் செய்வோம். தேன் மாதிரி கோப்பையின் பக்கங்களில் வழியும். அதனால் எங்கள் ஊரில் யாரும் அக்டோபர் கடைசிக்கு முன்னால் அறுவடைக்கூடையைத் தூசி தட்டமாட்டார்கள். லெவென்தெ போன வருடம் செப்டம்பர் நடுவிலேயே, பழங்கள் மஞ்சளாக, கெட்டியாக, ஒரு புள்ளிகூட இல்லாமல் இருக்கும்போது, மேல்தோட்டத்தில் நான்கு வரிசையை வெட்டிவிட்டான். பனி வராமலே, பூஞ்சை வராமலே. இனிப்பு துளிகூட மிஞ்சாமல் புளிக்கவிட்டு ஒரே ஒரு பீப்பாய் ஒயின் செய்தான். வேலிக்கு வெளியே ஊரே நின்று வேடிக்கை பார்த்தது.

"ஏன் ஹைனி, உன் புருஷனுக்கு மாசம் தெரியாதா? கடையில காலண்டர் இருக்கு, சும்மாவே தரேன், எடுத்துட்டுப் போ" என்றாள் மளிகைக்கடை எதெல்கா.

லெவென்தெ வெளியூர்க்காரன். தெற்கே சமவெளியில், மணலில் திராட்சை போடுகிற ஊரிலிருந்து வந்தவன். கல்யாணமாகி நான்கு வருடமாகியும் ஊரில் அவனுக்கு 'மணல்காரன்' என்றுதான் பெயர். மணலில் விளைந்ததைத் தண்ணீர் என்பார்கள் எங்கள் ஆட்கள். தண்ணீரை ஒயின் என்று விற்கிறவர்களுக்கு எதுவும் கைவரும் என்பதும் அந்தப் பெயருக்குள்ளேயே இருந்தது. அப்பா அவனை எதிரில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'உன் புருஷன்' என்பார், அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும்.

அந்த ஒயினை நான் குடித்தேன். முதல் வாய் கத்தி மாதிரி நேராக இறங்கியது. புளிப்பு. அதற்குப் பின்னால் பேரிக்காய் வாசம், கொஞ்சம் புகை, மழை நின்றபின் வரும் கல்வாசம். விழுங்கி முடித்து வெகுநேரம் கழித்து, இனிப்பே இல்லாத அந்த நாக்கில் தேன் நினைவு மாதிரி ஒன்று எஞ்சியது. நன்றாக இருந்தது. அதுதான் சிக்கல். அவ்வளவு நன்றாக இருந்திருக்கக் கூடாது என்று எனக்கே தோன்றியது.

"சர்க்கரை இல்லாத ஒயின்ல தேன் வாசம் எங்கேருந்து வரும்? நீயே சொல்லு" என்றார் அப்பா மறுநாள் காப்பி குடிக்கும்போது.

அன்றிலிருந்து அவர் கண்காணிக்க ஆரம்பித்தார். காலையில் லெவென்தெ எழுவதற்கு முன்பே நிலவறைக்குள் இறங்கி, மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டு வருவார். குப்பைத்தொட்டியைக் கிளறிக் காலிப் பொட்டலங்களை எடுத்து, மூக்குக்கண்ணாடி போட்டு எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஒருநாள் வெள்ளைப்பொடிப் பை ஒன்றை என் முன்னால் விரித்துக் காட்டினார். ஒயினைத் தெளியவைக்கிற களிமண் பொடி அது. அவர் காலத்திலும் போட்டதுதான். "தெரியும், தெரியும். இதுக்குள்ள வேற எதையாவது வெச்சு எடுத்துட்டு வந்திருக்கலாம்ல?" என்றார்.

லெவென்தெ வியாழக்கிழமைதோறும் காரை எடுத்துக்கொண்டு மிஷ்கோல்ட்ஸ் நகரத்துக்குப் போவான். பாட்டில், தக்கை, லேபிள் வேலை என்று எனக்குத் தெரியும்.

"வியாழக்கிழமை எங்க போறான்?"

"லேபிள் அடிக்கிற எடத்துக்குப்பா."

"ஒரு பீப்பா ஒயினுக்கு எத்தனை வாரம் லேபிள் அடிப்பான்?"

பதில் இல்லாத கேள்வி ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டால் அது ஈ மாதிரி. விரட்டினால் வேறு இடத்தில் போய் உட்காரும். அடுத்த வியாழன் அவன் திரும்பி வந்தபோது, காரிலிருந்து எதை முதலில் இறக்குகிறான் என்று ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே நின்றுகொண்டிருப்பது நான்தான் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

ஏப்ரலில் தலைநகர் புடபெஷ்டிலிருந்து ஓர் உணவகக்காரர் வந்தார். நிலவறையில் நின்றபடியே மூன்று கோப்பை குடித்தார். ஆகஸ்டில் முழுப் பீப்பாயையும் எடுத்துக்கொள்வதாகவும், அடுத்த வருடம் இதைப்போல் ஐந்து பீப்பாய் வேண்டுமென்றும் சொல்லிவிட்டுப் போனார். ஐந்து பீப்பாய்க்கு மேல்தோட்டம் முழுவதையும் செப்டம்பரில் வெட்ட வேண்டும். மேல்தோட்டம் அப்பாவின் பெயரில் இருக்கிறது.

"என் மேட்டுல கள்ள ஒயின் எடுக்க விடமாட்டேன்" என்றார் அப்பா.

லெவென்தெ சண்டை போடவில்லை. அன்று மாலை தோட்டத்து வேலியோரம் நின்று என்னிடம் சொன்னான்: "இங்க முடியாதுன்னா எங்க ஊருக்கே போயிடலாம் ஹைனி. மணல்னா மணல். அங்க யாரும் என் குப்பைத்தொட்டியக் கிளற மாட்டாங்க." அம்மா இறந்த பிறகு அப்பாவுக்கு நான் ஒருத்திதான். அது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் சொன்னான் என்றால் யோசித்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறான்.

மே மாதத்தில் ஒருநாள் சமையலறையில் நானும் அப்பாவும் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். நான் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். "குடிச்சே பாக்காம எப்படிப்பா கள்ளம்னு சொல்றீங்க?"

அப்பா ஒரு காயை உரித்து, பட்டாணியைக் கிண்ணத்தில் தட்டி, தோலை ஓரமாக வைத்தார். "முப்பத்தோரு வருஷம் அரசாங்கத்தோட பெரிய நிலவறையில தலைமை ஆளா இருந்தேன். அங்க என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா? கிழக்க பெரிய நாட்டுக்குச் சரக்கு ஏத்திட்டுப் போற ரயில் நமக்காகக் காத்திருக்காது. மழை வருஷமோ வெயில் வருஷமோ, இத்தனை டேங்க் ஆஸூ ஏத்தணும்னு மேலேருந்து தாள் வந்துடும். பூஞ்சையே பிடிக்காத வருஷத்துல ஆஸூ எங்கேருந்து வரும்? சர்க்கரைப்பாகு, காய்ச்சி வத்தவெச்ச திராட்சைச்சாறு, சுத்த ஸ்பிரிட்டு. வாசத்துக்கு ஒரு புட்டி. நல்லாக் கலக்கி, சூடு பண்ணி, ஆறவெச்சு, மேல ஆஸூன்னு ஒட்டுவோம். ருசி பாத்துக் கையெழுத்துப் போடறது யாரு? நான்தான். எத்தனை கையெழுத்து! எனக்குத் தெரியாத கள்ளத்தனமா ஹைனி? என் மூக்குக்கு முன்னால எவனும் நிக்க முடியாது."

அவர் அதை வெட்கத்தோடு சொல்லவில்லை. படிப்புச் சான்றிதழை எடுத்துக் காட்டுகிற மாதிரி சொன்னார். எனக்கு ஏழு வயதில் அவர் என்னைப் பெரிய நிலவறைக்குக் கூட்டிப்போய், கறுத்த பூஞ்சை படர்ந்த சுவர்களுக்கு நடுவே தோளில் தூக்கி நின்றது ஞாபகம் வந்தது. அந்தப் பீப்பாய்களில் என்ன இருந்தது என்று கேட்க வாய் வரவில்லை. ஆனால் ஒன்று மட்டும் உள்ளே இறங்கிவிட்டது. இவ்வளவு தெரிந்த மனிதர் சொல்கிறார் என்றால்?

அந்த வாரமே நான் லெவென்தெயின் காரைத் துழாவினேன். அவன் தோட்டத்தில் கொடி கட்டிக்கொண்டிருந்தான். சக்கரம் மாற்றுகிற சாமான்களுக்கு அடியில், பழந்துணியில் சுற்றி ஒரு சின்னப் பழுப்புப் பாட்டில் இருந்தது. லேபிள் இல்லை. மூடியைத் திருகினேன். பேரிக்காய் வாசம் குப்பென்று அடித்தது. பட்டப்பகலில், எங்கள் வீட்டு முற்றத்தில், கோழிகள் காலைச் சுற்றி மேய்ந்துகொண்டிருக்க, மூடியை இறுக்கித் திருகினேன். நான்கு வருடம் ஒரே போர்வைக்குள் படுத்தவனை அந்த ஒரு நொடியில் திருடன் என்று முழுதாக நம்பினேன். வருத்தம்கூட வரவில்லை. 'அப்படித்தானே' என்று ஒரு திருப்திதான் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

திங்கட்கிழமை, பல் வைத்தியரிடம் போகிறேன் என்று சொல்லி பஸ் ஏறி மிஷ்கோல்ட்ஸ் போனேன். பையில் இரண்டு பாட்டில்கள். ஒன்று, நானே பீப்பாயிலிருந்து குழலால் எடுத்து நிரப்பியது. இன்னொன்று அந்தப் பழுப்புப் பாட்டில். ஒயின் பரிசோதிக்கிற தனியார் ஆய்வகம் ஒன்றை விசாரித்து வைத்திருந்தேன். அங்கிருந்த பெண், தலைமுடியை வலைத்தொப்பிக்குள் திணித்தபடி வந்து, பழுப்புப் பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள். கொஞ்சம் விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். பிறகு கேட்டாள்.

"ஏங்க, இதுக்குமா டெஸ்ட் எடுக்கணும்?"

"என்னதுங்க அது?"

"பேரிக்காய்ச் சாராயம். வீட்டுல காய்ச்சினது. ரொம்ப நல்லா வந்திருக்கு. யாரு காய்ச்சினாங்க?"

அவனுடைய அம்மா காய்ச்சுவாள். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் மகனுக்கு ஒரு பாட்டில் கொடுத்தனுப்புவாள். போன வருடம் அப்பா அதை மேஜையில் பார்த்துவிட்டு, "மணல்லயும் பேரிக்காய் காய்க்குதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருந்தார். அதன்பிறகுதான் அவன் அதைக் காரில் ஒளித்திருக்கிறான். இதெல்லாம் எனக்கு அந்த மேஜைக்கு முன்னால் நின்றபோதுதான் புரிந்தது. அப்போதே திரும்பியிருக்கலாம். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று ஒயின் பாட்டிலைக் கொடுத்துவிட்டு வந்தேன். பழுப்புப் பாட்டிலை அந்த மேஜையிலேயே மறந்துவிட்டேன்.

பதினைந்து நாள் கழித்துத் தாள் வந்தது. மூன்று பக்கம். வெளியிலிருந்து சேர்த்த சர்க்கரை இல்லை. கிளிசரின் இல்லை. வாசனைப் பொருள் எதுவும் இல்லை. தண்ணீர் சேர்க்கவில்லை. கடைசியில் இரண்டு வரி: குறிப்பிட்ட நிலப்பகுதியின் ஃபுர்மிந்த் இனத் திராட்சையிலிருந்து மட்டுமே செய்யப்பட்டதற்கு முரணாக எதுவும் காணப்படவில்லை.

அப்பா முற்றத்தில் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, வெளிச்சத்தில் வைத்துப் படித்தார்.

"பாட்டில் யாரு நிரப்பினது?"

"நான்தான். என் கையால."

"அவன் பக்கத்துல இருந்தானா?"

"இல்லப்பா. அவனுக்குத் தெரியவே தெரியாது."

மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து படித்தார். அவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். தெளியவில்லை. தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு நிலவறைப் படிகளில் இறங்கினார். நானும் பின்னால் போனேன். குழலை எடுத்துப் பீப்பாய்க்குள் விட்டு, உறிஞ்சி, கட்டைவிரலால் மூடி, கோப்பையில் விட்டார். முப்பத்தோரு வருடம் பழகிய கை. ஒரு சொட்டு சிந்தவில்லை. முகர்ந்தார். பிறகு குடித்தார். முழுவதும். கீழே கிடந்த முக்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"மேல்தோட்டத்துப் பழம்."

"ஆமாப்பா."

"ஒண்ணுமே சேக்காம."

"ஆமா."

மேலிருந்து ஓர் ஈரத்துளி விழுந்து அவர் தோளில் ஊறியது, துடைக்கவில்லை.

"அந்த மழை வருஷங்கள்ல எங்களுக்கு வந்து சேந்ததும் இதே மலைப் பழந்தானே ஹைனி" என்றார். "பூஞ்சை இல்லாம, கெட்டியா, மஞ்சளா. வண்டி வண்டியா வந்துச்சே. அதையெல்லாம் எடுத்துப் பாகுல ஊத்தினோமே."

லெவென்தெ திருடனாக இருந்திருந்தால் அப்பாவுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவரை எழுப்பக் கை நீட்டினேன். அவர் அதைப் பிடிக்காமல், முழங்காலில் கையூன்றித் தானே எழுந்தார்.

"வெட்டச் சொல்லு" என்றார். "ஆனா நான் கூட இருப்பேன். செடியிலேருந்து பீப்பா வரைக்கும். ஒரு அடி நகர மாட்டேன்."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஜூன் கடைசியில் ஒருநாள் லெவென்தெ காரைக் கழுவிவிட்டு உள்ளே வந்தான்.

"ஹைனி, கார்ல ஒரு பழுப்புப் பாட்டில் இருந்துச்சே, பாத்தியா?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தேன். அவன் ஈரக்கையோடு, கள்ளமே இல்லாத முகத்தோடு நின்றுகொண்டிருந்தான். அலமாரியிலிருந்து தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு படித்தான். எண்களை எல்லாம் படித்தான். ஒரு வரிக்கு நேரே, "புளிப்பு நான் நெனச்சதவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் இருக்கு" என்றுகூடச் சொன்னான். பிறகு தாளின் மேலே தேதியைப் பார்த்தான்.

"பல் வைத்தியர்கிட்ட போன அன்னிக்கு."

"ஆமா."

"சந்தேகம்னா என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ இல்லேன்னுதான் சொல்லியிருப்ப."

"இல்லேன்னா இல்லேன்னுதானே சொல்ல முடியும்?"

நான் மேஜைத்துணியின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தேன்.

"உங்கப்பா சந்தேகப்படறது சரி. அவருக்கு அதுதான் தொழில். நீ எங்கம்மா குடுத்த சாராயத்தையுமா கொண்டுபோய்க் காட்டின?" என்றான். குரலை உயர்த்தவில்லை. தாளை நான்காக மடித்து என் பக்கம் தள்ளினான். "பத்திரமா வை. அடுத்த வருஷம் இதோட ஒப்பிட்டுப் பாக்கலாம்."

அதற்குப் பிறகு அவன் எதையும் மூடுவதில்லை. காரின் கதவு திறந்தே கிடந்தது. கோட்டைக் கழற்றினால் பைகளை வெளியே இழுத்துவிட்டுத்தான் ஆணியில் மாட்டினான். வியாழக்கிழமைகளில் கிளம்பும் முன், நான் கேட்காமலே, "தக்கைக்காரர்கிட்ட பத்து மணி, அப்புறம் பாட்டில், ரெண்டு மணிக்குத் திரும்பிடுவேன்" என்று ஒப்பித்தான். சிரித்த முகமாகத்தான் சொன்னான். அந்தச் சிரிப்பு எனக்கானதா, என்னைக் குத்துவதற்கானதா என்று நான் ஒவ்வொரு முறையும் உற்றுப் பார்த்தேன். உற்றுப் பார்ப்பதை அவன் பார்த்தான்.

செப்டம்பர் பதினெட்டாம் தேதி மேல்தோட்டத்தில் அறுவடை. வெயில் நன்றாக இருந்தது. குளவிகள் கூடைகளைச் சுற்றிப் பறந்தன. இந்த முறை வேலிக்கு வெளியே நின்றவர்களில் பாதிப்பேர் உள்ளே கூலிக்கு வந்திருந்தார்கள், எதெல்கா உட்பட. அப்பா விடிந்ததிலிருந்து செடிக்குச் செடி நடந்தார். வண்டி நகர்ந்தால் வண்டிகூடவே நடந்தார். மத்தியானம் பழம் பிழிகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர், அவரைக்கொட்டை சூப்பைக்கூட அங்கேயே வாங்கிக் குடித்தார்.

"என்ன அம்ப்ருஷ் அண்ணே, மாப்பிள்ளைக்குக் காவலா?" என்று கேட்டாள் எதெல்கா.

"காவல்தான். நாளைக்கு உன்னை மாதிரி ஆளுங்க வாய் தொறந்தா நான் சாட்சி சொல்லணும்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். லெவென்தெ மட்டும் சிரிக்கவில்லை. சாறு கெடாமலிருக்கப் போடுகிற கந்தகப் பொடி டப்பாவையும் சின்னத் தராசையும் கொண்டுவந்து அப்பாவின் மடியில் வைத்தான்.

"நீங்களே நிறுத்துப் போடுங்க மாமா."

அப்பா நிமிர்ந்து அவனைப் பார்த்தார். நான் பார்த்து, அவனை அவர் அவ்வளவு நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "எவ்வளவு?" என்று கேட்டார். அவன் சொன்ன அளவை நிறுத்தார். முள் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்து, ஒரு சிட்டிகையைத் திரும்ப டப்பாவில் போட்டார். "இது போதும்" என்றார். லெவென்தெ யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினான். அப்பா அந்தப் பொடியைக் கொட்டும்போது அவர் கையையே லெவென்தெ கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் காலிக்கூடைகளை எடுக்க மறுபடி மேலே போனோம். அப்பா பிழிந்த சாற்றை விட்டு நகரமாட்டேன் என்று கீழேயே இருந்துவிட்டார். லெவென்தெ டிராக்டர் ஓட்டினான். நான் பின்னால் இழுவை வண்டியில், அடுக்கிய கூடைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வருகிற வழி நீளமான சரிவு; இரண்டு பக்கமும் மற்றவர்களின் தோட்டங்கள், அக்டோபர் பனிக்காகக் காத்திருக்கிற பழங்களோடு. கூடைகள் ஒன்றோடொன்று உரசிக் கிரீச்சிட்டன. என் விரல்கள் சாற்றில் பிசுபிசுத்தன. டிராக்டரின் பக்கவாட்டுக் கண்ணாடியில் அவன் கண்கள் மட்டும் தெரிந்தன. அடிக்கடி அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். வளைவில் வேகத்தைக் குறைத்து மறுபடியும் பார்த்தான். ஏதோ வண்டி முந்தப்போகிறது, வழிவிடுகிறான் என்று நினைத்து, கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். பின்னால் மேடுவரை சாலை வெறுமையாகக் கிடந்தது. அந்தக் கண்ணாடியில் தெரிவதற்கு நான் மட்டும்தான் இருந்தேன்.